பழைய பிக்கப்புக்கு ரேடியேட்டர் தேடுகிறவர்கள் கேட்பவை

என்னிடம் இருப்பது டட்சன் 1200 பிக்கப். பெரியப்பா யாழ்ப்பாணத்தில் வெங்காயம் ஏற்றிய வண்டி; இப்போது கொட்டாஞ்சேனையில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்கு ரேடியேட்டர், அதாவது எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி, தேடி நான் பட்ட அலைச்சலைப் பார்த்தவர்கள், தங்கள் வண்டி கொதிக்கும்போது எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். டட்சன் கதைதான் கூடுதலாக இருக்கும். ஹைலக்ஸ்காரர்களுக்கும் மொறிஸ் மைனர்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வண்டி கொதிக்கிறது. ரேடியேட்டர் போய்விட்டதா?

எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். காலி வீதியில் பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து போகும்போது வெப்பமானியின் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்றுத்தான் போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கலாம், ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கலாம். ஊர்ந்து போகும்போது ஒன்றுமில்லை, கட்டுநாயக்கப் பக்கம் வேகமாகப் போனால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. அப்போதுதான் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் கீழ் ஹோஸை, அதாவது ரேடியேட்டரின் அடியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயை, ஒருமுறை பாருங்கள். அது வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழைய ஹோஸ் சூட்டில் இளகி, வேகமாக ஓடும்போது உறிஞ்சலில் சப்பையாகிவிடும். வண்டியை நிறுத்தியதும் நல்ல பிள்ளைபோல் உருண்டையாக நிற்கும். அதனால் யாரையாவது எஞ்சினை ரேஸ் பண்ணச் சொல்லிவிட்டுப் பாருங்கள். சில ஹோஸ்களுக்குள் இதற்காகவே ஒரு கம்பிச் சுருள் இருக்கும்; அது துருப்பிடித்துக் கரைந்து போயிருந்தாலும் இதே கதைதான்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு. அதைச் சோதிக்க கராஜ் தேவையில்லை. பழைய பானை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். இந்த எஞ்சின்களில் வழக்கமாக 82 பாகைக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்காவிட்டால் உங்கள் பிரச்சினை கையடக்கமான ஒரு சாமான்தான்.

தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணும்போது இடைவிடாமல் குமிழி வந்தாலோ, அது ஹெட் கஸ்கட் விவகாரம், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. எந்த ரேடியேட்டரும் அதைக் காப்பாற்றாது. சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

ரேடியேட்டர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகம் முழுவதும் வெப்பத்தை அளந்து பாருங்கள். தொடாமல் அளக்கும் சிறிய துப்பாக்கிபோன்ற தெர்மோமீற்றர்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. மேலிருந்து கீழே வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. கழற்றிய பிறகு இன்னொரு சோதனை: ஹோஸ் பூட்டும் கீழ் வாயைக் கையால் பொத்தி, தண்ணீரை நிரப்பி, கையை எடுங்கள். தண்ணீர் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். மெதுவாக ஒழுகினால் அடைப்பு.

உங்கள் வண்டி யாழ்ப்பாணத்தில் ஓடியதா என்று நான் கேட்பது ஊர்ப்பாசத்தில் அல்ல. அங்கே நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் வருடக்கணக்கில் படிந்திருக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையில் இருந்து வருவது. அதில் அந்தத் தொல்லை குறைவு. 1990களில் போர்க்காலத்தில் அங்கே பெற்றோல் தடை இருந்தபோது பெரியப்பாவின் வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ணச் சில துளி பெற்றோல், மீதி மண்ணெண்ணெய். எஞ்சின் கண்டபடி சூடேறும். குறையும் தண்ணீருக்கு வழியில் எந்தக் கிணறு வருகிறதோ அதில் இருந்து ஊற்றுவார். என் ரேடியேட்டரின் மேல் தாங்கியை, அதாவது மேலே தண்ணீர் நிற்கும் அறையை, திறந்தபோது பாதிக் குழாய்களின் வாயே தெரியவில்லை.

"பழையதை வீசிவிட்டு அலுமினியம் ஒன்று போடுவோம்" என்கிறார் மெக்கானிக். போடலாமா?

அலுமினியம் போடலாம், பிழையில்லை. "வீசிவிட்டு" என்ற சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

எனக்கும் ஒரு கராஜில் இதைத்தான் சொன்னார்கள். தலையாட்டினேன். பழைய ரேடியேட்டரை அன்று பின்னேரமே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து, வந்த காசில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் மாலு பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் வந்து இறங்கிய அலுமினிய ரேடியேட்டரின் கீழ் வாய் எதிர்ப்பக்கம் இருந்தது. "அது பரவாயில்லை" என்று இரண்டு ஹோஸ் துண்டுகளை ஒரு இரும்புக் குழாயால் இணைத்து, எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே கொண்டு போய்ப் பூட்டினார்கள். பெல்ட் அந்த ஹோஸில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினோராம் நாள், பேஸ்லைன் வீதியில், தெமட்டகொடைக்கும் ஒருகொடவத்தைக்கும் நடுவில், மாலை ஐந்தரை மணிக்கு வெடித்தது. பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் விளங்கியது, பழைய ரேடியேட்டரில் பெறுமதியானது அடைபட்ட நடுப்பகுதி இல்லை என்று. மேலும் கீழும் இருந்த பித்தளைத் தாங்கிகள், வாய்கள் சரியான இடத்தில், பக்கத் தகடுகளில் போல்ட் ஓட்டைகள் சரியான இடத்தில். அவைதான் என் வண்டிக்கு உரியவை. அவற்றைத்தான் பணிஸுக்கு விற்றிருந்தேன்.

கோர் மாற்றுவது என்றால் என்ன?

பழைய ரேடியேட்டரில் தாங்கிகள் பித்தளை. நடுவில் இருக்கும் கோர், அதாவது குழாய்களும் அவற்றிடையே மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய ஃபின் தகடுகளும், பித்தளையும் செம்பும். எல்லாம் ஈயப்பற்றால் ஒட்டியவை. சூடுகாட்டினால் கழன்றுவிடும். ரேடியேட்டர் வேலை தெரிந்த பாஸ் தாங்கிகளைக் கழற்றி, அசிட்டில் கழுவி, அதே அளவில் புதிய கோரை வைத்துப் பற்றவைத்துத் தருவார். வண்டியில் ஒரு போல்ட்கூட இடம் மாறாது. டட்சனோ ஹைலக்ஸோ மொறிஸோ, கோருக்கு மாடல் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். தாங்கிதான் அந்தந்த வண்டியுடையது. அதனால்தான் "என் மாடலுக்கு ரேடியேட்டர் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட "இந்த அளவில் கோர் இருக்கிறதா?" என்று கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

கோர் முழுதாக மாற்ற வேண்டியதில்லை என்றும் ஆகலாம். ஃபின்கள் நன்றாக இருந்து, குழாய்கள் மட்டும் அடைபட்டிருந்தால், தாங்கிகளைக் கழற்றி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். இதை ரொடிங் என்பார்கள். செலவு குறைவு. ஆனால் விரலால் தடவும்போது ஃபின்கள் பச்சைத் தூளாக உதிர்ந்தால் அந்தக் கோர் முடிந்தது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தைக் கடற்கரையோரமும் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று இதைச் சீக்கிரமே செய்துவிடும்.

வேலை முடிந்ததும் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும்போதே. நல்ல பாஸ் கேட்காமலே காட்டுவார். எத்தனை வரிசைக் குழாய் போடுகிறார் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை இருந்த இடத்தில் மூன்று போட்டால் நல்லதுதான், ஆனால் கோர் தடித்து ஃபேனை நெருங்கும். இடத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

செம்பு நல்லதா, அலுமினியம் நல்லதா?

வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எடையோ மூன்று மடங்குக்கும் மேல். அலுமினியத்தில் அகலமான குழாய்கள் போட முடிவதால் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறார்கள். ஆக, குளிர்விப்பதில் இரண்டும் தேறும். என்னுடைய கணக்கு வேறு: நடுவழியில் ஓட்டை விழுந்தால், செம்பை எந்த ஊரிலும் ஒருவர் ஈயம் வைத்து அடைத்துத் தருவார். அலுமினியத்துக்கு அது நடக்காது, வேறு வெல்டிங் வேண்டும். பிளாஸ்டிக் தாங்கி வைத்த அலுமினியம் என்றால் தாங்கி வெடித்ததும் கதை முடிந்தது. சும்மா ஓடும் 1,171 சிசி எஞ்சினுக்குச் செம்பே தாராளம்.

கொழும்பில் எங்கே தேடுவது?

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான், வேறென்ன. மருதானை ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். காரை ஒரு முனையில் நிறுத்திவிட்டு நடந்தால், மறுமுனைக்குப் போவதற்குள் உங்கள் வீல் கப்பையே உங்களுக்கு விற்றுவிடுவார்கள் என்று ஒரு பழைய பகிடி உண்டு. எனக்கு அப்படி நடந்ததில்லை.

போவதற்குச் சில வழிமுறைகள். ஞாயிறும் போயாவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பல கடைகள் ஜும்மாவுக்குப் பூட்டிவிடும், காலையிலேயே போங்கள். தமிழ் தாராளமாகச் செல்லும், "நானா, இந்த மாதிரி ஒன்று இருக்கா?" என்று சாமானைக் கையில் காட்டிக் கேட்டால் அரைவாசி வேலை முடிந்தது. முதல் கடையில் "இல்லை" என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். "யாரிடம் இருக்கும்?" என்பதுதான் அடுத்த கேள்வி. பழைய சாமான் வைத்திருக்கும் கடைகள் பெரும்பாலும் வீதி முகப்பில் இல்லை, சந்துக்குள்ளே, மாடிப்படிக்குக் கீழே. நான் தேடிய தாங்கிகள் ஆறாவது ஆள் காட்டிய ஏழாவது கடையில், பழைய டட்சன் சன்னி கார் ரேடியேட்டர் ஒன்றில் கிடைத்தன. அதற்கு இரண்டு மாதம் போயிருந்தது.

பாவித்த ரேடியேட்டர் வாங்கினால், பில்லில் "பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். சிரிப்பார்கள். ஆனால் எழுதித் தருவார்கள்.

என்னென்ன அளவு எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பழைய ரேடியேட்டரையே ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள். அதைவிடச் சிறந்த அளவு இல்லை. தூக்க முடியாவிட்டால் கோரின் உயரம், அகலம், தடிப்பு. மேல் வாயும் கீழ் வாயும் எந்தப் பக்கம், வெளிவிட்டம் எத்தனை மில்லிமீற்றர். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி. மூடி எங்கே இருக்கிறது. தண்ணீர் வடிக்கும் குழாய் எந்த மூலையில். பக்கம் சொல்லும்போது ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்க்கும் இடம் வலம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்னால் நின்று பார்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை போனவர்கள்தான்.

பலரும் மறப்பது ஃபேனுக்கும் கோருக்கும் இடையிலான இடைவெளி. ஒரு அங்குலமாவது இருக்கட்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் நிற்கிறது. சடுதியாகப் பிரேக் அடித்தால் முன்னுக்கு நகரும்.

பாக இலக்கம் தெரிந்தால் உதவுமா?

நன்றாக உதவும். ஜப்பான் வண்டிகளின் இலக்கத்தில் முதல் ஐந்து இலக்கங்கள் என்ன சாமான் என்பதையும், பின்னால் வருபவை எந்த வண்டிக்கு என்பதையும் சொல்கின்றன. டட்சனும் நிசானும் ஒரே வரிசை: ரேடியேட்டர் 21400 அல்லது 21410, மூடி 21430, மேல் ஹோஸ் 21501, கீழ் ஹோஸ் 21503, தெர்மோஸ்டாட் 21200, வாட்டர் பம்ப் 21010. டொயோட்டாவில் ரேடியேட்டர் 16400, மூடி 16401, மேல் ஹோஸ் 16571, கீழ் ஹோஸ் 16572. அலுமாரி மேல்தட்டில் தூசி பிடித்த பெட்டியைப் பார்த்ததும் அது ரேடியேட்டரா ஹோஸா என்று திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். பெட்டியில் டட்சன் என்று இல்லையே என்று விட்டுவிட்டு வராதீர்கள். 1980களின் நடுப்பகுதிக்குள் நிசான் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டது. அதன் பிறகு வந்த பெட்டிகளில் நிசான் என்றுதான் இருக்கும்.

வேறு வண்டியின் ரேடியேட்டர் பொருந்துமா?

அதே குடும்பத்து எஞ்சின் உள்ள வண்டிகளில் இருந்து தொடங்குங்கள். 1200 பிக்கப்பில் இருப்பது ஏ12 எஞ்சின். அந்த ஏ வரிசை எஞ்சின்கள் சன்னி பி110, பி210, பி310 கார்களிலும் பழைய வனெட் சி120 வானிலும் இருந்தன. ஹோஸ் வாய்களின் விட்டம் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். பக்கமும் போல்ட் ஓட்டையும் ஒத்துப்போகும் என்று நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். போல்ட் ஓட்டை மாறினால் பக்கத் தகட்டை மாற்றிப் பற்றவைக்கலாம். கீழ் வாய் பக்கம் மாறினால் தாங்கியை வெட்ட வேண்டும். ஹோஸை வளைத்துச் சமாளிக்க மட்டும் விடாதீர்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாமா?

1200காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 1971இல் வந்த இந்தப் பிக்கப்பின் உடம்பு தென்னாபிரிக்காவில் நிசான் 1400 என்ற பெயரில் 2008 வரை உற்பத்தியானது. அதனால் அங்கே சாமான்கள் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் இந்த வண்டிக்குப் பைத்தியங்கள் நிறைய. விற்பவரிடம் படம் கேளுங்கள். அளவு நாடாவை வைத்து எடுத்த படம்.

கூரியரில் வருவதென்றால் நிறையைவிடப் பெட்டியின் பருமன்தான் கையைக் கடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 60க்கு 50க்கு 15 பெட்டி என்றால் 9 கிலோவுக்குக் காசு, உள்ளே 4 கிலோ அலுமினியம் இருந்தாலும். இங்கே வந்ததும் சுங்க வரிகளும், 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமான வற் என்ற பெறுமதி சேர் வரியும் சேரும். காசு அனுப்புவதற்கு முன் சுங்கத்தில் சாமான் எடுத்துத் தரும் ஒரு வார்ஃப் கிளார்க்கிடம் கணக்குக் கேளுங்கள். மெல்பேர்னில் மச்சான் இருந்து அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவராக இருந்தால் அது வேறு கதை. அவருடைய பெரிய சூட்கேஸில் அது நன்றாக அடங்கும், அவர் மனைவி சம்மதித்தால்.

பெரிய அழுத்த மூடி போட்டால் கொதிக்காது என்கிறார்களே?

மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் கொதிக்கும் நிலை உயர்கிறது. சதுர அங்குலத்துக்கு 13 பவுண்ட் அழுத்தம் பிடிக்கும் மூடியில் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. ஆனால் அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது உங்கள் பழைய ஈயப்பற்று. 7 பவுண்டுக்குச் செய்த ரேடியேட்டரில் 13 போட்டால் தையல் பிரிவதுபோல் பிரியும். வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதே பவுண்ட். மூடியின் கழுத்து ஆழமும் ஒத்திருக்க வேண்டும். ஆழமான கழுத்துக்குக் குட்டையான மூடி போட்டால் பூட்டியதுபோல் தெரியும், அழுத்தமே பிடிக்காது. புதிய கோர் போட்டுவிட்டு பத்து வருடப் பழைய மூடியைத் திரும்பப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கொழும்பில் பனியா கொட்டுகிறது, தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கும் கூலண்ட் எதற்கு?

துருவுக்கு. இரும்பு எஞ்சின், பித்தளை, ஈயம், அலுமினிய வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. வெறும் தண்ணீரில் ஒன்றையொன்று தின்னும். பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய முறைப் பச்சைக் கூலண்ட், மூன்றில் ஒரு பங்கு, மீதி காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். இன்னும் கூட்டினால் குளிர்விப்பது குறையும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை வெல்ல அதனால் முடியாது. வடித்த கூலண்டை வாசலில் விடாதீர்கள். அது இனிக்கும், நஞ்சு. நாயும் பூனையும் குழந்தையும் நக்கிவிடும்.

ஓட்டைக்கு மஞ்சள்தூள் போடலாமா?

நடுவழியில் நின்றால் போட்டு வீடு வந்து சேருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான். அடுத்த நாள் கழுவி எடுக்காவிட்டால், ஓட்டையை அடைத்தது நல்ல குழாய்களையும் அடைக்கும்.

மொறிஸ் மைனர் பிக்கப் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே அலைச்சலா?

உங்களுக்குச் சுகம். இங்கிலாந்தில் மைனருக்கு இன்றும் புதிய ரேடியேட்டர் செய்கிறார்கள். மைனருக்கான தகரப் பாகங்கள் ஒருகாலத்தில் நம் நாட்டில் கையால் செய்து அங்கே போயின என்பது தெரியுமா? அழுத்தம் குறைந்த மூடி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ரேடியேட்டர் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமா?

இல்லை. எஞ்சினை மாற்றினால்தான் திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டிக்குப் போக வேண்டும்.

பூட்டிய அன்று என்ன கவனிக்க வேண்டும்?

ஹோஸ் இரண்டும் கிளிப் நான்கும் புதிது போடுங்கள். பூட்டுமுன் எஞ்சினுக்குள் தண்ணீர்க் குழாயை விட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினில் இருக்கும் துருச்சேறு முழுவதும் புதிய கோருக்குக் குடிவந்துவிடும். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் அதைத் திறந்து வைத்து நிரப்புங்கள். மூடியைப் போடாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சடாரென்று இறங்கும்போது மீண்டும் நிரப்பி மூடுங்கள். அடுத்த நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்து பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும், அது உள்ளே இருந்த காற்று வெளியேறியது. மூன்றாம் நாளும் குறைந்தால் வண்டிக்குக் கீழே ஒரு பழைய கார்ட்போர்ட் விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று அது காட்டும்.